மாரி மழையும் நத்தார்க் குசினியும்

யாழ்ப்பாணத்தில் நத்தார் மாரி மழையோடுதான் வருகிறது. ஐப்பசியில் தொடங்கும் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழை மார்கழி வரை நீடிப்பதால், முறுக்கு நமுத்துப்போவதற்கும் சீனிப்பூச்சு கசிவதற்கும் பெரும்பாலும் கைப்பக்குவம் காரணமாக இருப்பதில்லை. காற்றில் நிறைந்திருக்கும் ஈரமே காரணம். குளிர்நாடுகளிலிருந்து வருகின்ற சமையற் குறிப்புகள் இந்த ஈரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே, பண்டிகை வேலைகளை எந்த ஒழுங்கில் செய்தால் நம் ஊர் மழைக்கு அவை தாக்குப்பிடிக்கும் என்பதையே இங்கு எழுத விரும்புகிறேன்.

முதலில் மாவைக் கவனிக்க வேண்டும். ஊறவைத்து இடித்த பச்சையரிசி மாவை ஈரத்தோடு வைத்திருந்தால் அது விரைவிலேயே புளித்துவிடும் என்பதால், இடித்த அன்றே அரித்து, மெல்லிய சூட்டில் வறுத்து, நன்றாக ஆறிய பின் காற்றுப்புகாத ரின்னில் அடைத்துவிடுவது நல்லது. அரியதரத்துக்கு ஈரமா வேண்டியிருப்பதால் அதற்குரிய அரிசியைச் சேர்த்து ஊறவைக்காமல், சுடும் நாளைத் தீர்மானித்த பின்பு தனியாக ஊறவைக்க வேண்டும். பயித்தம் பணியாரத்தில் விரைவாகப் பழுதடைவது பயற்றம்மா அன்று, தேங்காய்ப்பூவே. அதை ஈரப்பசை முற்றாக நீங்கிப் பொன்னிறமாகும் வரை பொறுமையாக வறுத்துச் சேர்த்தால் பணியாரம் கூடுதலான நாட்களுக்குக் கெடாமல் இருக்கும்.

பலகாரங்களை எந்த வரிசையில் சுடுவது என்பதிலும் ஒரு நியாயம் உண்டு. முறுக்கும், அச்சைக் கரைசலில் தோய்த்துப் பொரிக்கும் கொக்கிஸும் முன்கூட்டியே சுட்டு அடைத்து வைக்கக்கூடியவை. சிப்பிப் பலகாரத்தையும் முன்னரே பொரித்து வைக்கலாம். ஆனால் சீனி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது என்பதால் பாகில் பிரட்டும் வேலையை நத்தாருக்கு முதல்நாள் வரை தள்ளிப்போடுவதே சரியென்று நான் கருதுகிறேன். கொக்கிஸ் சுடும்போது அச்சை எண்ணெய்க்குள்ளேயே நன்கு சூடாக்கி, கரைசலில் விளிம்பு மூழ்காத அளவுக்கு மட்டும் தோய்க்க வேண்டும். விளிம்புக்கு மேலே கரைசல் ஏறினால் பலகாரம் அச்சைவிட்டுக் கழன்று வராது. எதைச் சுட்டாலும், உள்ளே மிஞ்சியிருக்கும் சூடு முழுமையாகத் தணிந்த பிறகே மூட வேண்டும். இளஞ்சூட்டில் மூடினால் மூடியின் உட்புறம் வியர்க்கும். அந்த ஒரு துளி நீரே ரின் முழுவதையும் கெடுத்துவிடும். மென்மையான பணியாரத்தையும் மொறுமொறுப்பான முறுக்கையும் ஒரே ரின்னில் அடுக்குவதும் கூடாது. பணியாரத்தின் ஈரம் முறுக்குக்குள் ஏறி, இரண்டுமே சுவையிழக்கும்.

றிச் கேக்குக்கு மழை அவ்வளவு பகையன்று. பிளம்ஸ், பூசணி அல்வா, இஞ்சிப் பாகு, கஜு முதலியவற்றைச் சிறிதாக நறுக்கிப் பிராந்தியில் ஊறவைக்கும் வீடுகளில், அந்த மதுவே அவற்றைப் பழுதடையாமல் காக்கும். மது சேர்க்காதவர்கள் தேனும் பன்னீரும் தோடம்பழச் சாறும் சேர்த்து ஊறவைக்கலாம். ஆனால் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஓரிரு நாட்களுக்குள் கேக்கைச் செய்துவிட வேண்டும். ரவையை வெறும் சட்டியில் வறுத்து, சூடு ஆறுமுன் பட்டரைக் கலந்து வைத்தால் அது நன்றாக ஊறி, கேக் நறநறக்காது. இந்தக் கேக் ஏறத்தாழ 150 பாகை செல்சியஸ் போன்ற குறைந்த சூட்டில் நீண்ட நேரம் வேக வேண்டியது என்பதால், தட்டின் உட்புறம் பல அடுக்குக் கடதாசி இட்டு ஓரங்கள் கருகாமல் பார்த்துக்கொள்வது அவசியம். முட்டைகளை முன்னரே கழுவி அடுக்கி வைக்க வேண்டாம். கழுவும்போது ஓட்டின் இயற்கையான காப்புப் படலம் நீங்கிவிடும். ஒவ்வொன்றையும் தனிக்கோப்பையில் உடைத்துப் பார்த்த பின்பே சேர்க்க வேண்டும்.

எறும்புக்குப் பயந்து அலுமாரிக் கால்களின் கீழ் தண்ணீர்க் கிண்ணம் வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. மாரிக்காலமே இங்கு டெங்கு பெருகும் காலமும் என்பதால் இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். டெங்கு நுளம்பு இத்தகைய சிறு கிண்ணங்களின் உட்சுவரிலேயே முட்டையிடும். நீரை மட்டும் ஊற்றிவிட்டு மறுபடி நிரப்பினால், காய்ந்தாலும் சாகாத அந்த முட்டைகள் மீண்டும் பொரிக்கும். வாரத்துக்கு ஒரு முறையாவது உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அல்லது நீருக்குப் பதிலாகப் பாவித்த எண்ணெயை ஊற்றலாம். பாலன் குடிலுக்கென்று நெல்லோ குரக்கனோ முளைக்கவைக்கும் தட்டுகளிலும் நீர் தேங்க விடக்கூடாது.

குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மீது அமைந்திருப்பதால், மழையில் நிலத்தடி நீர் உயரும்போது மலசலகூடக் குழிகளின் கழிவு கிணற்றுக்குள் எளிதில் கசிந்துவிடும். விருந்தினருக்குக் கொடுக்கும் குடிநீரையும் பழரசம் கரைக்கும் நீரையும் நன்கு கொதிக்கவைத்து ஆற்றிப் பயன்படுத்துங்கள்.

நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்தவுடன் சாப்பாடு ஆயத்தமாக இருக்க வேண்டுமென்று இறைச்சிக் கறியை மாலையிலேயே சமைத்து அடுப்படியில் வைத்துவிடுவது பல வீடுகளில் நடப்பது. சமைத்த கறி இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருப்பது பாதுகாப்பானதன்று, அதிலும் தேங்காய்ப்பால் சேர்த்த கறி மிக விரைவாகப் பழுதாகும். முதற்பால் சேர்க்கும் கட்டத்துக்கு முன்னரே கறியை இறக்கி, அகன்ற பாத்திரங்களில் பிரித்து ஆற்றிக் குளிரில் வைத்து, பரிமாறும் வேளையில் கொதிக்கவைத்து, புதிதாகப் பிழிந்த முதற்பாலைச் சேர்ப்பதே சிறந்த வழி. காற்றும் மழையுமாக மின்சாரம் நின்றுவிட்டால், திறக்காத குளிர்சாதனப் பெட்டி ஏறத்தாழ 4 மணி நேரம் குளிரைத் தாங்கும். அதுவரை பிள்ளைகள் கதவைத் திறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அயல் வீடுகளுக்குக் கொடுக்கும் பலகாரத் தட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நத்தாரை அண்டிய நாட்களில் சைவ வீடுகளில் பிள்ளையார் பெருங்கதை விரதமும் திருவெம்பாவை விரதமும் அடுத்தடுத்து வருவதால், பலர் மச்சமும் முட்டையும் தவிர்த்திருப்பார்கள். அவர்களுக்கென்று முட்டை சேர்க்காத முறுக்கையும் பயித்தம் பணியாரத்தையும், கழுவித் துடைத்த தாச்சியில், இறைச்சியோ மீனோ பொரிக்காத புதிய எண்ணெயில், எல்லாவற்றுக்கும் முதலாகச் சுட்டுத் தனி ரின்னில் பெயர் எழுதி வைத்துவிடுங்கள். கேக் துண்டுகளை அந்தத் தட்டில் சேர்க்காமல், பெருங்கதையும் திருவெம்பாவையும் முடிந்த பிறகு வேறாகக் கொடுக்கலாம். நன்றாக ஊறிய றிச் கேக் அதுவரை கெடாது.