மூன்று மாதப் பற்று

வெறும் வயிற்றில் சர்க்கரை 104. லேப் வாசலிலேயே அப்பா மீசையைத் தடவிக்கொண்டார்.

அடுத்த வரி, இரண்டு மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி: 8.9 சதவீதம்.

மீசையிலிருந்து கை இறங்கியது.

டெஸ்டுக்கு முந்தைய நான்கு நாள் மட்டும் பாகற்காய், கேழ்வரகுக் கஞ்சி, ரெண்டு வேளை நடை. எப்போதும் இதே நாடகம்தான். வெறும் வயிற்று ரத்தம் அதை நம்பிவிடும். ஆனால் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதிலுள்ள ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரை சுலபத்தில் கழன்று வராது. 8.9 என்றால் அந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி 209-க்குப் பக்கத்தில்.

அண்ணாச்சி கடைப் பற்று நோட்டு மாதிரி. எழுதியது எழுதியதுதான்.

ஆட்டோவில் ஏறியதும் மெதுவாகக் கேட்டார்: "அப்போ உங்க மாமா வீட்டுக் கல்யாணத்து ஜாங்கிரியும் இதுல இருக்குமாடா?"

"போன மாசம்தானே? இருக்கும்பா."

"ரெண்டுதான் சாப்பிட்டேன்" என்றார், வெளியே பார்த்தபடி.