மருமகன்ட பாம்பு தின்னுதில்லையாம்

களுவாஞ்சிக்குடி வெயில்ல நம்ம வெந்து கிடக்கிற நேரம் லண்டனிலருந்து அக்காட மகன் வட்ஸ்அப்பில வாறான். "மாமா, பாம்பு எலி தின்னுதில்ல."

அவன் வளர்க்கிறது 'போல் பைதன்' (ball python) எண்ட மலைப்பாம்பு. மேற்கு ஆபிரிக்கச் சாதி, நம்மட ஊர் மலைப்பாம்பு வெங்கிணாந்திக்குச் சொந்தம், ஆனா சின்னது, நஞ்சில்ல. (இங்க இலங்கையில வெங்கிணாந்தியைப் பிடிச்சு வளர்க்கச் சட்டம் விடாது. ஆசைப்படாதீங்க.)

நான் முதல்ல சூட்டைத்தான் கேட்டன். கூட்டுக்குள்ள 24 பாகையாம்! பாம்புக்கு உடம்புச் சூடு வெளியிலருந்துதான் வரணும். குளிர்ல தின்டா வயித்துக்குள்ள செமிக்காது, கக்கிப்போடும். அதுக்கு அது தெரியும், இவனுக்குத்தான் தெரியல்ல. ஒரு பக்கம் 31, 32 பாகை, மற்றப் பக்கம் 26 அளவில இருக்கணும். ரெண்டு பக்கமும் ஒளிய ஒவ்வொரு பெட்டி. ஹீட்டருக்குத் தெர்மோஸ்டாற் கட்டாயம், இல்லாட்டி வயிறு வெந்துபோகும்.

மறுகா எலி. ஐஸ் எலிய நல்லா இளக விட்டு, சுடுதண்ணியில சூடாக்கி, இடுக்கியால பின்னேரத்துக்குப் பிறகு நீட்டணும். தொடலன்னா எடுத்துப்போட்டு ஒரு கிழமை பேசாம விடணும். இவன் தினமும் தூக்கிப் பார்க்கிறானாம்!

"கோழிக்குஞ்சு ஒண்டு போடச் சொல்லு மனே" எண்டு அம்மா குசினிக்குள்ளருந்து.

கண் நீலம் பூத்தா தோல் கழட்டப் போகுது, அப்பவும் தின்னாது. வளர்ந்த பாம்பு குளிர்காலத்தில மாதக்கணக்கில பட்டினி கிடக்கும். தராசில நிறை குறையாத மட்டும் பயமில்ல. குறைஞ்சா, ஊர்வன பார்க்கிற மிருக வைத்தியரிட்டப் போ எண்டு சொல்லியிருக்கன்.