ஒரு ஸ்கீ முடிந்தது, இன்னொன்று பாக்கி

நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு எட்டாவது திருகும் இறங்கி இறுகியது. கோலாலம்பூர் செந்தூல் அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில், விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு, வியர்வை சொட்டி ஒட்டுநாடா நனையாமலிருக்க நெற்றியில் துண்டு கட்டிக்கொண்டு, பவுடர் (புதிதாக விழுந்த ஆழமான மென்பனி) ஸ்கீக்கு, பூட் காலணியைக் கவ்விப் பிடிக்கிற பைண்டிங்கை நானே அடித்துவிட்டேன். ஒரு ஸ்கீக்குத்தான். இன்னொன்று சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. முழுக்க முடித்துவிட்டு எழுதலாம் என்றுதான் இருந்தேன், சந்தோஷம் பொறுக்கவில்லை.

ஸ்கீ பிளிசார்ட் ஷீவா 11. இடுப்பு, அதாவது நடுவில் குறுகிய இடத்தின் அகலம், 112 மி.மீ., நீளம் 164 செ.மீ. போன சீசன் மாடல், பைண்டிங் இல்லாமல் வெறும் ஸ்கீயாக வாங்கினேன். இதில் வந்து நிற்க இரண்டு சீசன் ஆனது.

முதலில் என்னிடம் இருந்தது 88 மி.மீ. ஸ்கீ. நீளம் 158, காலடியில் நல்ல கேம்பர் (தரையில் வைத்தால் நடு எழும்பி நிற்கிற வளைவு), நுனியில் பேருக்கு ஒரு ராக்கர் (நுனி மேலே எழும்புகிற வளைவு). மிதித்துச் சமப்படுத்திய சரிவில் அதைப் போல ஒன்று கிடையாது. ஜப்பானின் நிசேகோ ஸ்கீ மையத்தில் ஒரு ஜனவரி காலை, ராத்திரி முழுக்கக் கொட்டிய பனியில் அதைப் போட்டுக்கொண்டு ஹனசோனோ பக்கம் மரங்களுக்குள் இறங்கினேன். மூன்றாவது திருப்பத்தில் நுனி உள்ளே போனது, நானும் கூடவே போனேன். ஒரு ஸ்கீயைத் தோண்டி எடுக்கவே இருபது நிமிடம். மதியத்துக்குள் தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. சைபீரியக் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து ஹொக்கைடோ மலைகளில் கொட்டுகிற பனி அது. கையில் எடுத்தால் பிடிபடாது, ஊதினால் பறக்கும். அதில் நிற்க வேண்டுமென்றால் மிதக்கத்தான் வேண்டும்.

உடனே "அகலமான ஸ்கீ வாங்கு" என்றார்கள் எல்லாரும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வாங்குவதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்க்க ஆசை. அக்கா தமிழ்ப்பள்ளி ஆசிரியை, அவர் வீட்டில் மாஜோங் தாளுக்கு (பள்ளியில் எழுதி ஒட்டுகிற பெரிய தாள்) பஞ்சமே இல்லை. நான்கு தாளை ஒட்டி, 88-ஐ மேலே வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, சதுரம் சதுரமாக எண்ணினேன். ஒரு சோடிக்கு ஏறத்தாழ 3,200 சதுர செ.மீ. என் எடை உடுப்பு, பூட் எல்லாம் சேர்த்து 65 கிலோ. அப்படியானால் ஒரு சதுர செ.மீ.க்கு 20 கிராம். எங்களோடு வருகிற சித்தப்பா மகனை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அப்புறம், அவருடைய 118 மி.மீ., 184 நீள ஸ்கீயையும் கேட்டு வாங்கி வரைந்தேன். 4,600 சதுர செ.மீ. அண்ணன் பூட், பையோடு 92 கிலோ. அவருக்கும் 20 கிராம்தான்!

இந்த எண்ணைப் பார்த்து நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பரப்பளவுக் கணக்கில் நானும் அண்ணனும் ஒன்றுதான். ஆனால் அதே நாள், அதே காட்டில் அவர் மிதந்தார், நான் மூழ்கினேன். ஆக, அகலம் பாதிக் காரணம்தான்.

மீதியை இப்போது இப்படிப் புரிந்துகொண்டிருக்கிறேன். முதலாவது வேகம். அண்ணன் கனமானவர், திறந்த சரிவில் வேகமாக இறங்குகிறார், அந்த வேகமே அவரைத் தூக்குகிறது. நான் மரங்களுக்கிடையே மெதுவாகத் திரும்பி வருகிறேன், எனக்கு அந்தத் தூக்கல் கிடைப்பதில்லை. அதனால் மெதுவாகப் போகிற லேசான ஆளுக்குத் தன் எடைக் கணக்குக் காட்டுவதைவிடக் கூடுதல் பரப்பு வேண்டும். ஷீவாவை வரைந்து பார்த்தேன், 3,900. சதுர செ.மீ.க்கு 17 கிராமுக்கும் கீழே வந்துவிட்டது. இரண்டாவது ராக்கர். அண்ணன் ஸ்கீயைத் தரையில் வைத்தால் நுனி வெகுதூரத்திலிருந்தே எழும்பி நிற்கிறது. ஸ்கீ வீரர் ஷேன் மெக்கான்கி 2001-ல் அலாஸ்காவில் தண்ணீர்ச் சறுக்குப் பலகையிலேயே பைண்டிங் மாட்டிப் பனியில் இறங்கிக் காட்டினார். அடுத்த ஆண்டு வோலன்ட் நிறுவனத்தின் ஸ்பாச்சுலா வந்தது. நடு தாழ்ந்து இரு முனையும் எழுந்த ஸ்கீ அது. இன்று நாம் வாங்குகிற கிட்டத்தட்ட எல்லாப் பவுடர் ஸ்கீயிலும் அந்த யோசனை இருக்கிறது. மூன்றாவது, ஸ்கீயின் மேல் நான் எங்கே நிற்கிறேன் என்பது. என் ராத்தூக்கத்தைக் கெடுத்தது இந்த மூன்றாவதுதான்.

அதற்கு முன் "பெண்களுக்கான" என்ற சொல்லைப் பற்றி. ஆண் மாடலையே குட்டையாக்கி, நிறத்தை மாற்றி விற்பதும் உண்டு. மரத்தை லேசாக்கி, நுனியையும் வாலையும் இளக்கி, சின்ன நீளத்துக்கென்றே வளைவை மாற்றிச் செய்வதும் உண்டு. நிறத்தைப் பார்க்காதீர்கள், கையில் பிடித்து வளைத்துப் பாருங்கள். 58 கிலோ ஆள் ஒருத்தி வளைக்க முடியாத ஸ்கீ அவளைத் திருப்பாது. என் கடைசிப் பட்டியலில் லைன் பண்டோரா 110, நோர்டிகா சாந்தா ஆனா 110, ஷீவா 11 மூன்றும் இருந்தன. பண்டோரா மிக லேசு, மரங்களுக்குள் ஓட ஆசைப்படுகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். சாந்தா ஆனாவில் உலோகம் இருப்பதால் கலைந்த பனியில் அது அசையவே அசையாது. எனக்கு இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும். ஷீவாவில் டைட்டனல் (அலுமினியக் கலவைத் தகடு) காலடிப் பகுதியில் இருக்கிறது, நுனியும் வாலும் இளகியவை. 118-ஐயும் ஒருநாள் வாடகைக்கு எடுத்தேன். பவுடரில் அருமை. ஆனால் சாயங்காலம் இறுகிய சரிவில் விடுதிக்குத் திரும்பும்போது முழங்கால் உள்பக்கம் வலித்தது. அகலம் கூடக்கூட விளிம்பு பாத நடுவிலிருந்து விலகிப் போகிறது, ஸ்கீயைச் சாய்க்கிற பாரம் முழுக்க முட்டிக்கு வருகிறது. என் பாதம் 23.5 செ.மீ. அளவு, சின்னது. 112 என் எல்லை.

சரி, நிற்கிற இடம். பவுடர் ஸ்கீயில் பூட்டின் நடுக்கோடு பொதுவாக ஸ்கீயின் நடுப்புள்ளிக்கு 5 முதல் 10 செ.மீ. பின்னால் விழும். பின்னால் போனால் நுனி தூக்கும், முன்னால் வந்தால் திருப்பம் சுலபமாகும். பெண்களுக்கு முன்னால் வைக்க வேண்டும் என்று ஒரு கட்சி உண்டு. அமெரிக்காவில் ஜீனி தோரன் பல ஆண்டு இதைத்தான் சொல்லி வந்தார்: நம் உடம்பின் எடை மையம் ஆண்களுடையதைவிடக் கீழும் பின்னும் இருக்கிறது, அதனால் பைண்டிங்கை முன்னே தள்ளு, குதிகாலை உயர்த்து என்று. பவுடர் கட்சியோ பின்னால் போ என்கிறது. நான் பெண், வாங்குவது பவுடர் ஸ்கீ. யார் பேச்சைக் கேட்பது?

நிசேகோவின் ஹிராஃபு பகுதியில் வாடகைக் கடைகள் சிலவற்றில் தண்டவாளத்தில் நகர்கிற டெமோ பைண்டிங் மாட்டிய ஸ்கீ கிடைக்கிறது. இதே 112-ஐ அப்படி எடுத்து, ஒரே நாளில் ஒரே பாதையில் மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தேன். தயாரிப்பாளர் ஸ்கீயில் போட்டிருக்கிற கோட்டுக்கு 1 செ.மீ. பின்னால்: நுனி அழகாக மேலே மிதந்தது, ஆனால் நான் வாலில் உட்கார்ந்தேன், திருப்பம் ஒவ்வொன்றும் தாமதம். கோட்டிலேயே: பரவாயில்லை, தொடை மட்டும் எரிந்தது. 2 செ.மீ. முன்னால்: மரங்களுக்கிடையே பட்டாம்பூச்சி மாதிரி திரும்பியது. ஆழமான ஒரு பள்ளத்தில் நுனி இரண்டு தடவை உள்ளே போனது. இரண்டுக்கும் நடுவே, 1 முன்னால்தான் விடை என்று குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டேன்.

அன்று ராத்திரி விடுதியில் பூட்டைக் கழற்றும்போது ஒன்று உறைத்தது. என் கெண்டைக்கால் இறுக்கம், கணுக்கால் அதிகம் மடங்காது. பூட்டுக்குள் நிற்கும்போது பின்பக்கம்தான் சாய்கிறேன். அப்படியானால் தவறு பைண்டிங் இருக்கிற இடத்திலா, பூட்டுக்குள்ளேயா? மறுநாள் லைனரை (பூட்டின் உள்மெத்தை) உருவி, குதிகாலுக்கடியில் 4 மி.மீ. ஆப்பு ஒன்று வைத்தேன். கோட்டிலேயே பைண்டிங்கை நிறுத்தி இறங்கினேன். தொடை எரியவில்லை. நுனியும் உள்ளே போகவில்லை. தாடை முழங்காலுக்கு நேர் மேலே வந்திருந்தது, கை தானாக முன்னால் நின்றது. அதற்கப்புறம் 1 முன்னால் நகர்த்தினால் கூடுதல் என்று தெரிந்தது. அடிக்கோட்டை அடித்துவிட்டு "கோடு, ஆப்பு 4" என்று எழுதினேன். தோரன் சொன்ன இரண்டில் எனக்கு ஒன்று போதும். முன்னே தள்ளலாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் பூட்டுக்குள் பாருங்கள். ஆப்பைக் கழற்றிவிடலாம், ஸ்கீயில் போட்ட துளையை அழிக்க முடியாது.

நானே துளை போட முடிவெடுத்ததற்கும் அந்த மாஜோங் தாள்தான் காரணம். பழைய 88-க்கு ஒரு கடையில்தான் பைண்டிங் அடித்துக் கொடுத்தார்கள். தாளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தபோது, வலது ஸ்கீயின் பைண்டிங் இடதைவிட 6 மி.மீ. முன்னால். மூன்று சீசன் அப்படியே ஓடியிருக்கிறேன்! இடது திருப்பம் எப்போதும் எனக்குக் கொஞ்சம் வராது என்று என்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

துளை வேலைக்கு வருகிறேன். துளைக்கு இடம் காட்டுகிற ஜிக் சட்டம் இல்லை, காகித அச்சுப்படிதான். வட்டாரக் கடை ஒன்றில் அச்செடுத்தேன். படியிலுள்ள 100 மி.மீ. சோதனைக் கோட்டை வீட்டுக்கு வந்து இரும்பு அளவுகோலால் அளந்தால் 97. தாளுக்குள் அடங்கட்டும் என்று இயந்திரம் சுருக்கியிருக்கிறது. அதை நம்பி அடித்திருந்தால் முன்துண்டின் துளைகளே பொருந்தியிருக்காது. மறுபடி போய், முழு அளவு என்று சொல்லி நின்று எடுத்தேன். எத்தனை அவசரமானாலும் அந்தச் சோதனைக் கோட்டை அளக்காமல் ஆணி முனையை வைக்காதீர்கள்.

டைட்டனல் இருப்பதால் துளைப்பான் 4.1 மி.மீ., ஆழம் 9. உலோகமில்லாத ஸ்கீக்கு 3.6. படிவைத்த ஸ்கீத் துளைப்பானை ஜப்பானிலிருந்து வரவழைத்தேன், அஞ்சல் செலவு துளைப்பான் விலையைத் தாண்டிவிட்டது. மற்றதெல்லாம் ஜாலான் பசார். அங்கே ஆணி, திருகு, துளைப்பான் விற்கிற ஒரு தவுக்கே (கடை முதலாளி), ஸ்கீயின் படத்தைக் காட்டியதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் எனக்காக அலமாரியைத் துழாவினார். துளைப்பானில் மாட்டுகிற ஆழ நிறுத்தி வளையம், குத்துளி, அப்புறம் பிஇசட் 3 திருப்புளி முனை. இந்த முனையைப் பற்றி ஒரு வார்த்தை: பைண்டிங் திருகின் தலை சாதாரணக் கூட்டல் குறித் தலை இல்லை, குறுக்கே சின்னக் கோடுகள் இருக்கும். சாதாரண முனையைப் போட்டால் பொருந்துகிற மாதிரி இருக்கும், கடைசிச் சுற்றில் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். 6 வெள்ளிதான் விலை, வாங்கிவிடுங்கள்.

முதல் துளை. குத்துளியால் தட்டி, பள்ளம் கோட்டின் நடுவில்தானா என்று கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பார்த்து, துளைப்பானை வைத்தேன். மேல்தோல் சுருண்டது, அப்புறம் வெள்ளிநிறச் சுருள்கள் வந்தன, அதுதான் டைட்டனல். அதைத் தாண்டியதும் ஓசை மாறி வெளிர்மஞ்சள் மரத்தூள் எழும்பியது. மரவாசனை. வளையம் தட்டி நின்றது. உலோகத்துக்கு மரை வெட்டியால் மரை போட்டு, துளைக்குள் ஒரு சொட்டு மரப்பசை விட்டு, திருகை முதலில் பின்பக்கமாகச் சுற்றினேன், மரையில் விழுகிற அந்த "டிக்" கேட்கும்வரை. அப்புறம் கையால் மட்டும் முன்னே. எட்டும் இப்படித்தான். முடிந்ததும் பூட்டை உள்ளே வைத்து, நடுக்கோட்டைப் பார்த்தேன். ஸ்கீயின் கோட்டோடு அரை மி.மீ. கூட விலகவில்லை.

கழன்ற ஸ்கீ ஓடிவிடாமல் பிடிக்கிற பிரேக் 120 மி.மீ. அகலத்தில் வாங்கினேன். 112 இடுப்புக்கு 110-ஐ வளைத்து மாட்டுகிறவர்கள் உண்டு, எனக்கு இரும்பை வளைக்க மனமில்லை. விழும்போது பைண்டிங் எவ்வளவு விசையில் பூட்டை விடும் என்கிற விடுவிப்பு எண்ணைப் பட்டியலைப் பார்த்து வைத்திருக்கிறேன், ஆனால் அதை வைத்து இறங்க மாட்டேன். ஹிராஃபுவில் சோதனைக் கருவி வைத்திருக்கிற தொழில்நுட்பரிடம் கொடுத்து இரண்டு ஸ்கீயையும் சோதித்த பிறகுதான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. கோலாலம்பூர் ஈரத்தில் ஸ்கீயின் இரும்பு விளிம்பு ஒரே மாதத்தில் செம்பழுப்பாகிவிடும். நான் பயணம் முடிந்து வந்த அன்றே துடைத்து, விளிம்பு மறைகிற அளவுக்கு மெழுகை உருக்கிப் பூசி, சுரண்டாமல் அப்படியே துணி உறையில் போட்டுவிடுகிறேன். பயண உறையில் வைக்காதீர்கள், அது ஈரத்தைப் பூட்டி வைக்கும். பூட் லைனரைத் தனியே கழற்றி விசிறியடியில் வைக்க வேண்டும்.

ஷீவாவோடு முதலில் நிசேகோ, அப்புறம் ருசுட்சு. அடுத்த ஆண்டு அசாஹிடாகே போக அண்ணனிடம் இப்போதே பேச்சுக் கொடுத்திருக்கிறேன். ஹொக்கைடோவிலேயே உயரமான மலை, 2,291 மீட்டர். அதற்கு ஏறுதோல் (மேலே ஏறும்போது வழுக்காமலிருக்க ஸ்கீயின் அடியில் ஒட்டுகிற பட்டை) வேண்டும், 112 அகலத்துக்கு வெட்டிக்கொள்கிற மாதிரி. நல்ல ஏறுதோல் யாராவது குறைந்த விலைக்கு வாங்கியிருந்தால் சொல்லுங்கள்.

பசை காய ஒரு நாள் விட்டிருக்கிறேன். இன்று ராத்திரி இரண்டாவது ஸ்கீ. முதல் ஸ்கீயின் வாலிலிருந்து கோடு வரைக்கும் உள்ள தூரத்தை மாஜோங் தாளில் மூன்று தடவை அளந்து எழுதிவிட்டேன், மூன்றும் ஒன்றுதான். அதையே இரண்டாவதிலும் போட்டுவிட்டு, இரண்டையும் அடியோடு அடி ஒட்டி நிறுத்திப் பார்ப்பேன். அதற்கப்புறம்தான் துளைப்பானைக் கையிலெடுப்பேன்.