கௌதாரி அடைக்கு உட்காரும் முன்: நார்ஃபோக் நாட்குறிப்பு, 2025

2 பிப்ரவரி, ஞாயிறு

நேற்றோடு பறவை வேட்டை சீசன் முடிந்தது. இங்கிலாந்தில் ஃபெசன்ட் என்ற கோழியினப் பறவை, கௌதாரி இரண்டுக்குமே பிப்ரவரி 1 கடைசி நாள். துப்பாக்கிக்காரர்கள் கை குலுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் வருஷம் இன்றைக்குத்தான் தொடங்குகிறது என்றார் கீப்பர், அதாவது வேட்டைப் பறவைகளைப் பராமரிப்பவர்.

ஏறக்குறைய 600 ஏக்கர் பண்ணை. கோதுமை, பார்லி, சர்க்கரைப் பீட்ரூட், நடுவே மூன்று சிறு காடுகள். கீப்பருக்கு இது பகுதி நேர வேலை. எனக்கு வேலையே இல்லை, மனமுவந்து செய்வது. ஷிஃப்ட் போக மிச்சமாகும் நேரத்தில் வருகிறேன். இருவர் நேரத்தையும் கூட்டினால் வாரத்துக்கு இருபது மணி. அந்த இருபது மணியை எதில் போடுவது என்பதுதான் இன்று காலை முழுக்கப் பேச்சு.

என் கணக்கு எளிமையாக இருந்தது. நரி, காகம், காக இனத்து மேக்பை, கீரி போன்ற ஸ்டோட், எலி, அணில், முயல், புறா என்று பட்டியல் போட்டு எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்றேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். "எது அதிகம் தெரிகிறது என்று பார்க்காதீங்க. எது, எந்த மாதத்தில், எதைக் கொல்கிறது என்று பாருங்க." குஞ்சுகளாக வாங்கித் திறந்துவிடும் ஃபெசன்ட் மட்டும்தான் நம் கவலை என்றால் ஜூலையிலிருந்து குஞ்சுகள் இருக்கும் பட்டியைச் சுற்றிக் காவல் காத்தால் போதும், வசந்தத்தில் தூங்கலாம் என்றார். எங்களிடம் சாம்பல் கௌதாரி இருக்கிறது. அதை யாரும் வாங்கி விடவில்லை, காலம்காலமாக இந்த மண்ணிலேயே குஞ்சு பொரித்து வந்தது. பிரிட்டனில் மிகவும் கவலைக்குரிய பறவைகளின் சிவப்புப் பட்டியலில் இருப்பது. அதைக் காப்பாற்ற வேண்டுமானால் பிப்ரவரி முதல் ஜூன் வரை உள்ள ஐந்து மாதம்தான் முக்கியம்.

22 பிப்ரவரி, சனி

நரிதான் முதலில். காகம் முட்டையை எடுத்தால் பெட்டை இன்னொரு முறை இடும். நரி அடையில் இருக்கும் பெட்டையையே எடுத்துவிடும். அதோடு அந்த வருஷம் போச்சு.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மார்ச் நடுவிலிருந்து பெண் நரிகள் குட்டி போடத் தொடங்கும். அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்பது கீப்பரின் கண்டிப்பு. துப்பாக்கி அவருடையது, உரிமமும் அவருடையது. நான் இருட்டில் உடல் சூட்டைக் காட்டும் தெர்மல் கருவியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். இந்த வாரம் இரண்டு இரவு போனோம். ஓர் ஆண் நரி. அடுத்த இரண்டு வாரமும் எனக்கு இரவு ஷிஃப்ட், இரவில் வர முடியாது.

9 மார்ச், ஞாயிறு

விடியற்காலையில் கௌதாரி ஜோடிகளை எண்ணினோம். ஏழு. போன வருஷமும் ஏழுதான்.

தேநீர் குடிக்கும்போது சாலிஸ்பரி சமவெளியில் நடந்த ஆய்வைப் பற்றிச் சொன்னார். 1985 முதல் 1990 வரை, ஆறு வருஷம். இரண்டு நிலப்பகுதிகள். ஒன்றில் மூன்று வருஷம் வசந்த காலத்தில் நரி, காகம் போன்ற வேட்டையாடும் உயிர்களைக் கட்டுப்படுத்தினார்கள், மற்றதை அப்படியே விட்டார்கள். பிறகு இடம் மாற்றிச் செய்தார்கள். கட்டுப்பாடு இருந்த பக்கம் மூன்றே வருஷத்தில் அடுத்த வசந்தத்துக்கு மிஞ்சிய கௌதாரிகள் 2.6 மடங்கு. ஆகஸ்டில் குஞ்சுகளோடு சேர்த்து எண்ணினால் 3.5 மடங்கு. இடத்தை மாற்றிச் செய்ததால், அந்த மண்தான் நல்ல மண் என்று யாரும் சொல்ல முடியாது. எனக்கு இதில் பிடித்தது அதுதான்.

ஆனால் இது மூன்று கால் முக்காலி என்றும் சொன்னார். கூடு கட்டப் போன வருஷத்துக் காய்ந்த புல், குஞ்சு தின்னப் பூச்சி, அப்புறம் காவல். ஒரு கால் உடைந்தாலும் உட்கார முடியாது. பார்லி வயலின் மேற்கு ஓரத்தில் மருந்து அடிக்காமல் விட்டுத்தர விவசாயி ஒப்புக்கொண்டிருக்கிறார்.

29 மார்ச், சனி

இரண்டு லார்சன் கூண்டுகளை வைத்தோம். 1950களில் டென்மார்க்கில் ஒரு கீப்பர் கண்டுபிடித்தது. ஓர் அறையில் உயிருள்ள காகம் இருக்கும். தன் எல்லைக்குள் யாரோ நுழைந்துவிட்டதாக நினைத்து அங்கே குடியிருக்கும் ஜோடி சண்டைக்கு வந்து, பக்கத்து அறையில் மாட்டிக்கொள்ளும். தமிழில் இப்படி வைக்கும் உயிருக்குப் 'பார்வை' என்று பழைய பெயர் உண்டு. நம் ஊர்ப் பக்கம் பழக்கிய கௌதாரியைப் பார்வையாக வைத்துக் கௌதாரி பிடிப்பார்கள். இங்கே கௌதாரியைக் காப்பாற்றக் காகம் பார்வையாகிறது.

காகம், மேக்பையைப் பிடிக்க அரசு தரும் பொது உரிமத்தின் விதிகளை அச்சடித்துக் கொட்டகைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். பார்வைக்குத் தீனி, தண்ணீர், ஒதுங்க இடம், உட்காரக் கொம்பு எல்லாம் இருக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் ஒரு முறையாவது போய்ப் பார்த்தாக வேண்டும். ஒரு நாள் போக முடியாது என்றாலும் கூண்டைச் செயலிழக்கச் செய்துவிட வேண்டும். மூன்றாவது கூண்டு கொட்டகையில் சும்மா கிடக்கிறது, அதையும் வைக்கலாமே என்றேன். "எத்தனை கூண்டைத் தினமும் பார்க்க முடியுமோ அத்தனைதான் நமக்கு" என்றார். கூடு இருக்கக்கூடிய உயிர்வேலிக்கு அருகே இரண்டு. தூரத்துக் காட்டுக் காகங்கள் இருந்துவிட்டுப் போகட்டும்.

12 ஏப்ரல், சனி

மழையே இல்லை. மண் வெடிக்கிறது.

எலி. பறவைகளுக்கான தீனி டிரம்களின் அடியில் வளைகள். சீசன் முடிந்ததும் தீனியை நிறுத்திவிடுவது பல இடங்களில் வழக்கம். இங்கே மே வரை போடுகிறோம், ஏனென்றால் விதைகள் தீர்ந்து பசுமை வராத இந்த இடைவெளியில்தான் பெட்டைகள் மெலிகின்றன. ஆனால் சிந்தும் கோதுமை எலியைக் கூப்பிடுகிறது, எலி முட்டையைத் தின்கிறது. முன்பெல்லாம் வளைக்குள் விஷத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்களாம். கட்டிடத்தை விட்டு விலகிய திறந்த வெளியில் புரோமடியலோன், டைஃபெனகூம் என்ற எலி விஷங்களைப் பயன்படுத்தும் அனுமதி போன வருஷத்தோடு முடிந்துவிட்டது. அதற்காக எனக்கு வருத்தமில்லை. விஷம் தின்ற எலியைத் தின்னும் கூகையின் உடலில் அந்த விஷம் தங்குகிறது, எங்கள் களஞ்சியத்திலும் ஒரு கூகை ஜோடி இருக்கிறது. எனவே டிரம்களைப் பதினைந்து நாளுக்கொரு முறை இடம் மாற்றுகிறோம், சிந்தியதைக் கூட்டி அள்ளுகிறோம். முதுகு ஒடிகிறது, ஆனால் புது இடங்களில் வளை இல்லை.

21 ஏப்ரல், திங்கள்

சனிக்கிழமை, கிழக்கு உயிர்வேலி ஓரம் ஒரு ஃபெசன்ட் பெட்டை. இறகுகள் மட்டும். கீப்பர் குனிந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். தண்டு கடித்துத் துண்டிக்கப்பட்டிருந்தது. பருந்து வகை என்றால் இறகை முழுசாகப் பிடுங்கியிருக்கும். அடியில் ஒன்பது முட்டை, குளிர்ந்துபோய்.

அன்றிரவே நரியைச் சுட்டார். பெண் நரி. திருப்பிப் பார்த்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. மடி கனத்திருந்தது.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் வேலையெல்லாம் விட்டுவிட்டு வளையைத் தேடினோம். பழைய மணல் குழியின் சரிவில் இருந்தது. நான்கு குட்டிகள். தாயில்லாமல் பட்டினி கிடந்து சாகவிடக் கூடாது என்பதால் அவற்றையும் அவரே முடித்தார், வேகமாக, ஒவ்வொன்றாக. நான் பக்கத்தில் நின்றேன். போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, போகக் கூடாது என்று எனக்கே தோன்றியது.

பிப்ரவரி கடைசி வாரமும் மார்ச் முதல் வாரமும் நாங்கள் வெளியே வந்திருந்தால், ஒரு நரியோடு முடிந்திருக்கும். அந்த இரவுகளில் எனக்கு வேலை இருந்தது உண்மை. மாற்றிக் கேட்டிருக்கலாம் என்பதும் உண்மை. நான் கேட்கவில்லை.

4 மே, ஞாயிறு

ஸ்டோட்டுக்கு மரப்பெட்டிச் சுரங்கங்கள் பன்னிரண்டு. உள்ளே டாக் 200 விசைப்பொறி, நியூசிலாந்தில் உருவானது. பழைய ஃபென் பொறியை ஸ்டோட்டுக்கு வைப்பது 2020 ஏப்ரலிலிருந்து சட்டவிரோதம். முள்ளெலி நுழையாதபடி வாயைக் குறுக்கியிருக்கிறோம். வயல் நடுவே ஒன்றுகூட இல்லை. உயிர்வேலிகள் சந்திக்கும் மூலை, வாய்க்கால் குழாய், கேட்டின் ஓரம், அவ்வளவுதான்.

விவசாயி புறாவைப் பற்றிக் கேட்டார், பட்டாணியை மேய்கிறதாம். அது அவருடைய பயிருக்கான வேலை, ஒரு சனிக்கிழமை தருகிறோம் என்றோம். சாம்பல் அணிலைக் குளிர்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

24 மே, சனி

இதுவரை காகம் பதினொன்று, மேக்பை பதினாறு. இரண்டு வாரமாகக் கூண்டில் எதுவும் விழவில்லை. உயிர்வேலி ஓரத்துக் குடித்தனங்கள் காலி.

பழைய வேலிக்கம்பத்தில் பஸ்ஸர்ட் என்ற பருந்து வகைப் பறவை ஒன்று தினமும் உட்காருகிறது. சட்டப்படி காக்கப்பட்ட பறவை, அதைத் தொடும் பேச்சே இல்லை. ஜூலையில் பட்டிக்குள் ஃபெசன்ட் குஞ்சுகள் பதுங்கப் புதர் போதுமா என்பதைத்தான் அதைப் பார்த்து யோசிக்க வேண்டும். பட்டியின் வடமூலை வெட்டவெளியாகக் கிடக்கிறது, மரக்கிளைகளை வெட்டிப் போட வேண்டும்.

15 ஜூன், ஞாயிறு

கௌதாரி பொரிக்கும் வாரம். மேற்கு வரப்பில் நடக்கவே கூடாது என்று கட்டளை. தூரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு மருந்தடிக்காத பார்லி ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறே கால் மணிக்கு ஆண் பறவை கழுத்தை நீட்டிக்கொண்டு வெளியே வந்தது, பின்னால் பெட்டை. அவற்றின் காலடியில் புழுதி நகர்வது போல இருந்தது. பன்னிரண்டு வரை எண்ணினேன், அவர் பதிமூன்று என்றார்.

நாளை கூண்டுகளைச் செயலிழக்கச் செய்கிறோம். பார்வைக் காகத்தின் வேலை முடிந்தது.

20 ஜூலை, ஞாயிறு

ஏழு வார ஃபெசன்ட் குஞ்சுகள் வியாழனன்று வருகின்றன. மின்வேலியின் கீழ்க்கம்பியில் புல் பட்டு மின்சாரம் இறங்கியிருந்தது, முழுச் சுற்றும் வெட்டினேன். வடமூலையில் கிளைகள் போட்டாயிற்று.

அடுத்த வருஷ பிப்ரவரி, மார்ச் மாதங்களுக்கு ஷிஃப்ட் மாற்றக் கேட்டு இன்றே எழுதிவிட்டேன்.