நடு மிச்சம்

"ரெண்டு தலையையும் வெட்டிட்டா உத்திரம்னு அப்புறம் என்ன மேஸ்திரி மிச்சம் இருக்கும்?" என்று கேட்டேன். கொஞ்சம் நக்கலாகத்தான் கேட்டேன்.

"நடு மிச்சம் இருக்கும் சார்" என்றார்.

அதற்கு மேல் நான் பேசவில்லை. இரண்டு முனையும் கெட்டுப்போயிருந்த அந்தத் தேக்கு உத்திரத்தை முழுசாக மாற்றச் சொல்லி, எஞ்சினியராகக் கையெழுத்துப் போட்டேன். புதுச்சேரியில் கடலைப் பார்த்து நிற்கும் அந்தப் பழைய கட்டடத்தில் இப்போது ஆட்கள் நடமாடுகிறார்கள். என் முடிவை யாரும் குறை சொல்லவில்லை. நான்தான் அந்தப் பேச்சை இன்னும் விடாமல் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மர உத்திரத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் தளத்தில் தேக்கு உத்திரம் நடுவில் கெடுவது அபூர்வம். சுவருக்குள் புதைந்திருக்கும் முனைதான் முதலில் போகும். கடலோரச் சுவரில் உப்பு ஏறியிருக்கும். அந்த உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை ஈரம் வந்த வழியே காய்ந்து வெளியேறியது. பிற்காலத்தில் யாரோ நல்ல எண்ணத்தோடு அதன் மேல் சிமெண்ட் பூசிவிட்டார்கள். ஈரம் உள்ளேயே தங்கி, மரத்தின் முனையைத் தின்றது.

தச்சு மேஸ்திரி சுவரைக் கொஞ்சம் கொத்தித் திறந்து, ஸ்க்ரூ டிரைவரை உத்திரத்தின் முனையில் வைத்து அழுத்தினார். பிடி வரைக்கும் போய்விட்டது. சுவரிலிருந்து இரண்டடி தள்ளி அதே ஸ்க்ரூ டிரைவரால் கீறத்தான் முடிந்தது. இழைப்புளியால் ஒரு சீவல் எடுத்து என் மூக்கருகே நீட்டினார். அத்தனை வருஷத்துக்கு அப்புறமும் தேக்கின் எண்ணெய் வாசம். "உத்திரத்துக்கு ஒண்ணும் ஆகல சார், தலைதான் போயிருக்கு. வெட்டிட்டு வேற மரத்துண்டு வெச்சு ஒட்டுப் போட்டுடலாம்." மறு முனையையும் திறந்து பார்த்தோம். அங்கே கறையான்.

அவர் சொன்னதில் தப்பில்லை. சுவரை ஒட்டிய இடத்தில், மரத்தை வளைக்கப் பார்க்கும் வளைவு விசை குறைவு. ஒட்டுப் போட ஏற்ற இடம் அதுதான். ஆனால் மரத்தைக் குறுக்கே துண்டிக்கப் பார்க்கும் வெட்டு விசை அங்கேதான் அதிகம். என் மனசு இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டது. கீழே பொதுமக்கள் வந்து போகப் போகிற கூடம். விழுந்தால் மேஸ்திரியை யாரும் கேட்கப் போவதில்லை, என்னைத்தான் கேட்பார்கள்.

அதோடு மேரி கட்டடம் வேறு கண்ணில் நின்றது. கடற்கரைச் சாலையில் 1870-ஐ ஒட்டி எழுந்த நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. அதன் பிறகு இந்த ஊரில் பழைய தளத்தின் கீழே நிற்கிற எந்த எஞ்சினியரும் ஒரு முறை மேலே பார்க்காமல் இருக்க மாட்டார். உலக வங்கி நிதியில் அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி, 2021 பிப்ரவரி 25-இல் திறந்தார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மேஸ்திரியின் பதில்தான் ஞாபகம் வருகிறது. அங்கே நடுவும் மிச்சமில்லை.

நான் அப்போது சரியாக யோசிக்காதது, அல்லது யோசித்தும் ஒதுக்கியது, தளத்தைத்தான். உத்திரத்தை எடுக்க மேலே இருப்பதைப் பிரித்தாக வேண்டும். குறுக்குக் கட்டைகள், அவற்றின் மேல் மூலைவாட்டமாகக் குத்தாக நிறுத்திய சின்னச் செங்கல் வரிசை, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கடுக்காய்த் தண்ணீர், வெல்லத் தண்ணீர் தெளித்து நாள் கணக்கில் மரக்கட்டையால் அடித்து இறுக்கிய தளம். ஒரு மரத்துக்காக இவ்வளவும் இறங்கியது. கட்டைகள் திரும்ப ஏறின. தளத்தைப் புதிதாகத்தான் போட்டோம். முறை அதேதான், பொருளும் அதேதான். இருந்தாலும் அது நாங்கள் போட்ட தளம்.

இறக்கிய உத்திரத்தின் மேல்பக்கத்தில், கீழிருந்து தெரியாத ஒரு நீள வெடிப்பு இருந்தது. பார்த்ததும் எனக்கு நிம்மதி. "இது மரம் காயும்போதே விட்ட வெடிப்பு சார்" என்றார் மேஸ்திரி. பாரத்தில் விட்டது என்றேன் நான். அவரவருக்கு வசதியான பதில். அறுத்தபோது நடுப்பகுதி நெடுக வைரம் பாய்ந்திருந்தது. அதில் அதே கட்டடத்தின் ஜன்னல்களுக்குச் சட்டம் செய்தார். மரம் கட்டடத்தை விட்டு வெளியே போகவில்லை என்றுதான் வருகிறவர்களிடம் சொல்கிறேன்.

போன மாதம் வேறொரு வீட்டில் இதே மாதிரி முனை கெட்ட உத்திரம். ஒட்டுப் போடச் சொன்னேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு, போல்ட் எல்லாம் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். மேஸ்திரி சொன்னதை ஒத்துக்கொண்டுதான் அப்படிச் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அந்த உத்திரத்துக்குக் கீழே யாரும் புழங்குவதில்லை.