ஊருக்குப் புறப்படும் முன் ஒரு லாக்கர்

கோடை விடுமுறைக்குத் திருநெல்வேலி புறப்படும்போதெல்லாம், வீட்டு நகைகளை என்ன செய்வது என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழும். மும்பை செம்பூரில் நாங்கள் இருப்பது வாடகை வீடு. ஒரு மாதம் பூட்டிக் கிடக்கும். உடன் எடுத்துச் செல்வதென்றால் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அரைத் தூக்கம் தூங்க வேண்டும். பயணி தம் பொறுப்பில் கொண்டு செல்லும் பொருள் தொலைந்தால், ரயில்வேயின் அல்லது அதன் ஊழியர்களின் கவனக்குறைவோ முறைகேடோ காரணம் என்று நிரூபித்தாலொழிய ரயில்வே பொறுப்பேற்காது என்பது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 100-ஆவது பிரிவு. ஆகவே இம்முறை தாலிக்கொடியும் தோடும் தவிர மற்றவற்றை வங்கி லாக்கரில் வைத்துவிட்டுப் போவது என்று தீர்மானித்து, பள்ளித் தேர்வுகள் முடிவதற்கு முன்பே வங்கிகளில் விசாரிக்கத் தொடங்கினோம்.

முதலில் போன கிளையில் லாக்கர் காலியில்லை என்றார்கள். ஒரு காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தால் பார்க்கலாம் என்று அடுத்த மூச்சிலேயே சொன்னார்கள். ரிசர்வ் வங்கியின் 2021 ஆகஸ்ட் நெறிமுறைகளின்படி, காலியில்லாதபோது விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டு காத்திருப்போர் பட்டியல் எண் தர வேண்டும். மூன்றாண்டு வாடகைக்கும் பெட்டியை உடைத்துத் திறக்கும் செலவுக்கும் ஈடான வைப்புத்தொகையை மட்டும் கேட்கலாம். என் கணவர் இதை நிதானமாக எடுத்துச் சொன்ன பிறகு எண் கிடைத்தது, லாக்கர் கிடைக்கவில்லை.

அடுத்து, மாட்டுங்காவில் ஒரு கிளையில் லாக்கர் இருந்தது. ஆனால் பெட்டக அறை தரைத்தளத்துக்கும் கீழே. மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் தேங்குவதை ஆண்டுதோறும் பார்க்கிறவர்கள் நாங்கள். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. வெள்ளம், நிலநடுக்கம், இடி போன்ற இயற்கைச் சீற்றங்களால் ஏற்படும் இழப்புக்கு வங்கி பொறுப்பல்ல என்று அதே நெறிமுறைகள் சொல்வதால், அந்த இடத்தை விட்டுவிட்டு, முதல் மாடியில் பெட்டக அறை உள்ள வேறொரு கிளையைத் தேடிப் பிடித்தோம். வாடகை சற்றுக் கூடுதல்தான்.

ஒப்பந்தத்தை முழுதாகப் படித்த பிறகே கையெழுத்திட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். தீ, திருட்டு, கொள்ளை, கட்டட இடிபாடு, வங்கி ஊழியரின் மோசடி ஆகியவற்றால் பொருள் போனால், வங்கி தர வேண்டிய இழப்பீடு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு. வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். இன்றைய விலையில் அது சில பவுனுக்குத்தான் காணும். உள்ளே என்ன இருக்கிறது என்பது வங்கிக்குத் தெரியாது, தெரியவும் கூடாது; அதனால் உள்ளிருப்பவற்றுக்குக் காப்பீடு செய்யும் கடமை வங்கிக்கு இல்லை, அத்தகைய காப்பீட்டை அது விற்கவும் கூடாது. என்ன வைத்தோம் என்பதற்கான சான்று முழுக்க நம் கையில்தான் இருக்க வேண்டும்.

ஆகவே புறப்படும் வாரத்தில் நான் அதிக நேரம் செலவிட்டது பட்டியலுக்குத்தான். ஒவ்வொரு நகையையும் தனித்தனியே எடை போட்டு, ஹால்மார்க் முத்திரை தெரியும்படி படமெடுத்து, ரசீது இருந்தால் அதன் நகலை இணைத்தேன். மாமியார் கொடுத்த அட்டிகைக்கு ரசீது ஏது? அதற்கு, அவர் அதை அணிந்திருந்த திருமணப் புகைப்படத்தை வைத்தேன். ஒரு நகல் வீட்டில், மற்றொன்று திருநெல்வேலியில்.

லாக்கரை என் கணவர் பெயரிலும் என் பெயரிலும், இருவரில் எவரும் திறக்கலாம் என்ற முறையில் எடுத்தோம். 2025 நவம்பர் முதல், நமக்குப் பின் பொருள்களைப் பெற்றுக்கொள்ள நான்கு பேர் வரை நாமினிகளாக நியமிக்கலாம். லாக்கரைப் பொறுத்தவரை ஒருவருக்குப் பின் ஒருவர் என்ற வரிசையில் மட்டும். பொருள்களை வைக்கப் போன அன்று, ஊழியர் வங்கியின் சாவியைத் திருப்பிவிட்டு வெளியே சென்றார். எங்கள் சாவி தனியாகத் திருப்பினால் திறக்காது. மும்பை ஈரக்காற்றை நினைத்து வெள்ளிப் பாத்திரங்களோடு சிலிக்கா ஜெல் பொட்டலங்களையும் வைத்தேன். பணத்தாள் வைக்க அனுமதியில்லை. அன்று மாலைக்குள் லாக்கர் திறக்கப்பட்டதாகக் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. ஊரில் இருக்கும்போது அப்படி ஒரு செய்தி வந்தால் உடனே கிளையை அழைக்க வேண்டும் என்பதால், அந்த எண் இணைந்த சிம்மை மாற்றாமல் வைத்திருந்தோம்.

சாவியைப் பற்றித்தான் வீட்டில் விவாதம் நீண்டது. ரயிலில் தொலைந்தால் பூட்டை உடைத்து மாற்றும் செலவு நம்முடையது. கடைசியில், லாக்கர் எண் எழுதாத ஓர் உறையில் போட்டு, முலுண்டில் உள்ள நாத்தனாரிடம் கொடுத்துவிட்டுப் போனோம்.