"எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை": அம்மாவுக்கு டைரக்ட் பேமென்ட் (பார்த்துக்கொள்ள ஆளை நாமே வைக்கக் கவுன்சில் தரும் காசு) எடுத்த கதை

அம்மாவுக்கு என்ன உதவி தேவை என்று மதிப்பிட, இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் பகுதியின் கவுன்சிலில் (உள்ளூராட்சி மன்றத்தில்) இருந்து முதல் தடவை ஆள் வந்த அன்று அம்மா சேலை உடுத்தி முன்னறைக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சேலையை உடுத்திவிட்டது நான். தலை இழுத்துவிட்டதும் நான். கட்டிலால் எழுப்பிக் குளிக்கவார்த்து உடுப்பு மாற்ற மட்டும் ஒன்றேகால் மணித்தியாலம் போயிருந்தது. சோசல் வேர்க்கர் பெண் ஆங்கிலத்தில் கேட்க, நான் தமிழில் சொல்ல, அம்மாவிடம் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். "எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை எண்டு சொல்லு பிள்ளை. நானே எல்லாம் செய்வன்." சமையல்? "சமைப்பன்." அம்மா அடுப்புப் பக்கம் போய் எட்டு மாதம்.

சரி, அம்மாதான் அப்படி என்றால் நானாவது திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. கழிப்பறைக்குப் போவது பற்றிய கேள்வி வந்தபோது அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், "சமாளிக்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். முன்பின் தெரியாத ஆளுக்கு முன்னால் அம்மாவின் ஈரத் துணியைப் பற்றிப் பேச எனக்கு நா எழவில்லை. போகும்போது அவர் "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்டார். "நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்றேன். தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பினேன். மூன்று கிழமை கழித்துக் கடிதம் வந்தது: இப்போது இருக்கும் ஏற்பாடு போதுமானது.

அந்த ஏற்பாடு என்னவென்றால், இரண்டு மாரிக்கு முந்தி அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியால் விட்டபோது ஆறு கிழமை இலவசமாக ஆள் வந்து நடக்கவும் உடுப்புப் போடவும் பழக்கினார்கள் (அது உண்மையிலேயே நல்ல சேவை), அது முடிந்ததும் கவுன்சில் ஒரு ஏஜென்சியைப் பிடித்துத் தந்தது, காலையில் அரை மணித்தியாலம், பின்னேரம் அரை மணித்தியாலம். காலை எட்டு மணிக்கு என்று கடதாசியில் இருக்கும். சில நாள் ஏழு மணிக்கே பெல் அடிக்கும், சில நாள் பத்தரை ஆகும். அம்மாவுக்கு நீரிழிவு, சாப்பாட்டோடு குளிசை போட வேண்டும். ஒரு மாதம் கலண்டரில் குறித்துவைத்தேன், பதினொரு வேறு வேறு முகங்கள். வந்த பிள்ளைகளில் நான் குறை சொல்லமாட்டேன், ஒரு வீட்டில் இருந்து அடுத்த வீட்டுக்கு ஓடுகிறவர்கள், கோட்டைக்கூடக் கழற்ற நேரம் இல்லை. கானா நாட்டுப் பெண் ஒருத்தி "தண்ணி", "வலி", "மெதுவா" என்று மூன்று சொல் பழகிக்கொண்டு வந்தாள். அம்மா அவளுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் அவளை வேறு பகுதிக்கு மாற்றிவிட்டார்கள்.

அம்மாவுக்கு அதற்குள் மறதியும் தொடங்கியிருந்தது. முதலில் போனது ஆங்கிலம். முப்பது வருடம் இந்த ஊரில் கடைக்கும் டாக்டரிடமும் தனியே போய் வந்த மனுஷி, கெயரர் "ஷவர்?" என்று கேட்டால் பயந்து சுவரோடு ஒட்டிக்கொள்வார். தலைக்கு மேலால் தண்ணீர் கொட்டினால் அம்மாவுக்கு மூச்சு முட்டும். கெயரர்கள் "குளிக்க மறுத்தார்" என்று கொப்பியில் எழுதிவிட்டுப் போவார்கள். அம்மா குளிக்க மறுக்கவே இல்லை, வாளியும் கோப்பையும் இருந்தால் தானாகவே வார்த்திருப்பார்.

வேலையிடத்துத் தோழி ஒருத்தி, தன் தகப்பனுக்கு இதையெல்லாம் செய்து முடித்தவள், என்னைப் பிடித்துத் திட்டினாள். "நீ அவங்களிட்ட நல்ல நாளைச் சொல்லியிருக்கிறாய். கெட்ட நாளைச் சொல்லு. ஒரு கிழமை எல்லாத்தையும் எழுதி வை." எழுதினேன். செவ்வாய் இரவு 2.40, குசினியில் காஸ் திறந்திருந்தது, அடுப்பு பற்றவில்லை. புதன் காலை இரண்டு தடவை படுக்கைத் துணி மாற்றியது. வியாழன் முழுவதும் ஒருவரோடும் பேசவில்லை, டிவிக்கு முன்னால். எழுதி முடித்துவிட்டு வாசித்தபோது எனக்கே திக்கென்றது, இதை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

அப்புறம்தான் சட்டத்தைத் தேடி வாசித்தேன். இங்கிலாந்துக்கு 2014இல் கெயர் அக்ட் என்று ஒன்று வந்தது, 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது (ஸ்கொட்லாந்தில் சட்டம் வேறு). அதன்படி பத்து விஷயங்கள் பார்ப்பார்கள்: சாப்பாடு, சுத்தம், கழிப்பறை, உடுப்பு, வீட்டில் பத்திரமாக இருப்பது, வீட்டைத் துப்புரவாக வைத்திருப்பது, உறவும் சிநேகமும், வேலை அல்லது படிப்பு, வெளியே ஊருக்குள் போய்வருவது, பிள்ளை வளர்ப்பு. இதில் குறைந்தது இரண்டு ஏலாமல் இருந்து, அதனால் அவருடைய வாழ்வு நன்றாகவே பாதிக்கப்பட்டால் தகுதி உண்டு. எனக்குக் கண் திறந்தது எங்கே என்றால், "ஏலாது" என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் விளக்கத்தில்தான். செய்ய முடிந்தாலும் வழமையைவிட மிக அதிக நேரம் எடுத்தால், அல்லது செய்யும்போது கடுமையான வலியோ பதற்றமோ வந்தால், அல்லது ஆபத்து என்றால், அதுவும் ஏலாததுதான். அன்று காலை போன ஒன்றேகால் மணித்தியாலத்தைச் சொல்லியிருந்தாலே போதும். நான் அதைச் சேலைக்குள் மறைத்து வைத்திருந்தேன்.

திரும்ப மதிப்பீடு செய்யச் சொல்லி எழுத்தில் கேட்டேன். ரெலிபோனில் கேட்டால் காற்றோடு போய்விடும், மின்னஞ்சல் என்றால் திகதி இருக்கும். பதில் வர ஏழு கிழமை, நடுவில் ஒரு தடவை என் போமைக் காணவில்லை என்றார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்டேன், அதைக் கவுன்சில்தான் ஏற்பாடு செய்ய வேண்டும், எங்களிடம் காசு கேட்கக் கூடாது. தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். மகள் மொழிபெயர்த்தால் மகள் வெட்கப்படும் இடமெல்லாம் விடுபடும்.

வந்த மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுப் பெண். அம்மா கொஞ்ச நேரம் "கரைச்சல் இல்லை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பெண், "ராத்திரி எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்க, அம்மா சட்டென்று, "இரவிலை சரியான அந்தரமா இருக்கும்" என்றார். எங்களுக்கு அந்தரம் என்றால் பதற்றம், தவிப்பு. அந்தப் பெண்ணுக்கு ஆகாயத்தில் தொங்குவது. "அந்தரத்துலயா? புரியலையேம்மா, கொஞ்சம் சொல்லுங்க" என்று விடாமல் கேட்டார். அம்மா சொன்னார். இருட்டில் முழித்தால் இது எந்த வீடு என்று தெரியாதாம், அப்பா எங்கே என்று தேடுவாராம், எங்களை எழுப்பினால் வேலைக்குப் போகிற பிள்ளைகள் என்று பேசாமல் இருப்பாராம். நான் பக்கத்து அறையில் படுக்கிறேன், எனக்கு இது தெரியாது. சோசல் வேர்க்கர் எழுதுவதை நிறுத்திவிட்டு, அம்மாவுக்கு நல்ல நாள் என்றால் எப்படி இருக்கும் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை தலை முழுகி, புட்டும் சொதியும் சாப்பிட்டு, கோயிலுக்குப் போய், அங்கே யாரோடாவது கதைத்துவிட்டு வருவது. இதைக் கேட்கக் கவுன்சிலுக்கு இரண்டு வருடம் எடுத்தது, எனக்கும்தான்.

கோயிலுக்குப் போகக் கவுன்சில் காசு தராது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரோ அதைப் பத்தில் இரண்டின் கீழ் எழுதினார், உறவும் சிநேகமும், ஊருக்குள் போய்வருவது.

பிறகு பட்ஜெட். தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் அவருடைய தேவைக்கு இவ்வளவு செலவாகும் என்று ஒரு தொகையைக் கவுன்சில் எழுத்தில் தர வேண்டும், அது அந்தத் தேவைக்குப் போதுமானதாகவும் இருக்க வேண்டும். எங்களுக்கு முதலில் கிழமைக்குப் பத்து மணித்தியாலம் என்றார்கள். "பராமரிப்புத் திட்டத்தில் நீங்களே எழுதிய தேவைகளில் எதை இந்தப் பத்துக்குள் விடச் சொல்கிறீர்கள்?" என்று ஒரு வரியில் கேட்டு எழுதினேன். பதினான்காக வந்தது. வராவிட்டால் கவுன்சிலுக்கே முறைப்பாடு, அதற்கும் மேலே ஒம்புட்ஸ்மன் (முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அதிகாரி) இருக்கிறார், செலவில்லை. அவ்வளவு தூரம் போகத் தேவைப்படவில்லை.

காசுக் கணக்கு தனி. சேமிப்பு 23,250 பவுணுக்கு மேலே இருந்தால் முழுச் செலவும் நம்முடையது, 14,250க்குக் கீழே இருந்தால் சேமிப்பைத் தொடமாட்டார்கள், நடுவில் ஒவ்வொரு 250க்கும் கிழமைக்கு ஒரு பவுண் வருமானம் என்று வைப்பார்கள். இலங்கையில் கொடிகாமத்தில் காணி விற்ற காசு அம்மாவின் கணக்கில் 16,250 கிடந்தது, ஆகவே கிழமைக்கு எட்டுப் பவுண் அதிலிருந்து வருகிறது என்று கணக்கு. ஊரில் விற்காத காணி இருந்தால் அதையும் சொல்லத்தான் வேண்டும், ஒளித்துவிட்டுப் பிறகு மாட்டுப்படாதீர்கள். இன்னொன்று, நோயினால் கூடுதலாக ஆகும் செலவைக் கழிக்கக் கேட்கலாம். துணி துவைக்கும் கரண்ட், இரவு முழுக்க ஹீட்டர், சிறுநீர் உறிஞ்சும் பாட் எல்லாவற்றுக்கும் பில் வைத்திருந்தேன், பெரும்பாலானதை ஏற்றுக்கொண்டார்கள்.

ஆளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், காசை நாங்கள் தருகிறோம் என்பதுதான் டைரக்ட் பேமென்ட். அதற்கு உதவும் அமைப்பில் எனக்கு விளக்கம் சொன்னவர் சக்கர நாற்காலியில் இருப்பவர். இது கவுன்சில்காரரின் மண்டையில் உதித்த யோசனை என்று நினைக்காதே என்றார். 1980களின் தொடக்கத்தில் ஹாம்ப்ஷயரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்த மாற்றுத்திறனாளிகள், எங்களை இங்கே வைத்திருக்கச் செலவழிக்கும் காசை எங்களிடம் தாருங்கள், வெளியே போய் இருக்கிறோம் என்று கேட்டு வாங்கினார்களாம். சட்டம் வந்தது 1996இல், அதுவும் முதலில் 65 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மட்டும், வயதானவர்களுக்கு 2000இல்தான் திறந்தார்கள். அம்மா போன்றவர்களுக்குத் தெரிவு எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ.

எனக்கே அந்தச் சம்பளத்தைத் தரலாமா என்று கேட்டேன், கேட்காமல் விடுவேனா. ஒரே வீட்டில் இருக்கும் நெருங்கிய உறவுக்குச் சாதாரணமாகத் தரமுடியாது, வேறு வீட்டில் இருக்கும் உறவு என்றால் தரலாம். ஆனால் எனக்கென்று தனியாக ஒரு மதிப்பீடு கேட்கும் உரிமை இருக்கிறது, அதில் மாதம் ஒரு சனிக்கிழமை எனக்கு ஓய்வு கிடைத்தது. நான் கெயரர் இல்லை, மகள் என்று முதலில் அந்தப் போமை நிரப்பவே மறுத்தேன். பராமரிப்பாளர் என்று தமிழில் சொன்னால் ஏதோ கட்டடத்துக்குக் காவல் இருப்பது போல இருக்கிறது.

தமிழ்க் கடைப் பலகையில் விளம்பரம் ஒட்டி, மூன்று பேரைக் கண்டு, மன்னார்ப் பக்கத்துப் பெண் ஒருவரைப் பிடித்தோம். இங்கேதான் ஒருவரும் சொல்லித்தராத பகுதி தொடங்குகிறது: அன்றிலிருந்து வீட்டில் ஒரு முதலாளி உண்டு. வேலை ஒப்பந்தம் எழுத வேண்டும், வேலை செய்ய அனுமதி உள்ளவரா என்று பார்க்க வேண்டும், பொலிஸ் பின்னணிச் சோதனை (அதை அந்த அமைப்பு செய்து தந்தது), முதலாளிக்கான காப்புறுதி, வருமான வரிக்காரரிடம் பதிவு, வருடத்துக்கு 5.6 கிழமை சம்பளத்தோடு லீவு. மணித்தியாலத்துக்கு 13 பவுண் கொடுக்கிறோம், வருடச் சம்பளம் பத்தாயிரத்துக்குக் கீழே நிற்பதால் பென்ஷனில் தானாகச் சேர்க்கத் தேவையில்லை, ஆனால் தேவையில்லை என்று ஒரு போம் நிரப்பி அனுப்பத் தேவை! கவுன்சில் காசுக்குத் தனி பாங்க் கணக்கு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஸ்டேட்மென்ட் அனுப்ப வேண்டும். சம்பளக் கணக்கை ஒரு பேரோல் ஆளிடம் விட்டேன், அந்தச் செலவும் பட்ஜெட்டுக்குள் வரும், கேட்டால்தான் வரும். தெரிவு, சுதந்திரம் என்று துண்டுப்பிரசுரங்களில் வடிவாக எழுதியிருக்கிறார்கள். அந்தச் சுதந்திரத்தின் கோப்பு என் அலுமாரியில் இரண்டு தட்டு நிறைய இருக்கிறது. ஆங்கிலம் வராத, வேலை நேரம் வளையாத வீட்டில் இதை யார் செய்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் குளிப்பு மாறிவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்த சிகிச்சையாளர் குளியலறைக்கு ஒரு ஸ்டூலும் கைபிடியும் போடவைத்தார், வாளியும் கோப்பையும் நாங்கள் வாங்கினோம். அந்தப் பெண் தண்ணீரைக் கோப்பையில் கொடுக்க, அம்மா தானே தோளில் வார்க்கிறார். முதல் வெள்ளிக்கிழமை தலைமுடியைத் துவட்டும்போது, "நீ ஆற்றை பிள்ளை?" என்று கேட்டு அவருடைய தாய், தகப்பன், ஊர், கோயில் எல்லாம் விசாரித்தாராம். அடுத்த வெள்ளியும் அதையே விசாரித்தார். அவர் சளைக்காமல், "சொல்லுறன் அன்ரி" என்று முதலில் இருந்து சொல்வார். இரவு அந்தரம் முழுதாகப் போகவில்லை, படுக்கையறையில் சின்ன வெளிச்சமும், கதவு திறந்தால் என் அறையில் மணி அடிக்கும் கருவியும் வந்திருக்கின்றன, அம்மா கூப்பிடாவிட்டாலும் நான் போகிறேன்.

இப்போது புதுத் தலையிடி. ஆகஸ்டில் அந்தப் பெண் தங்கையின் கல்யாணத்துக்கு மூன்று கிழமை ஊருக்குப் போகிறார். லீவுச் சம்பளமும் கொடுக்க வேண்டும், பதில் ஆளும் வேண்டும், இதற்கென்று கொஞ்சக் காசைக் கணக்கில் ஒதுக்கிவைக்க விடுவார்கள் என்பது எனக்கு இந்த மாதம்தான் தெரியும். பழைய ஏஜென்சியைக் கேட்டுப் பார்த்தேன், காலை எட்டு மணிக்கு ஆள் வரும் என்கிறார்கள். ஈஸ்ட்ஹாமில் இருக்கும் மச்சாளையும் கேட்டிருக்கிறேன், அவர் வேறு வீடு, சம்பளம் கொடுக்கலாம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.